மிச்சமிருந்த உதட்டசைவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜில் உறைந்த பனியைச் சுரண்டுவது டப்பிங் அக்காவின் வேலை. மேல் கதவைத் திறந்து வைத்து, கொதிக்கிற தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி உள்ளே நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து மரக்கரண்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுவாள். கத்தியை எடுத்தால் அவள் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். உள்ளே ஓடும் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"ஊர்ல இருக்கிற ஃப்ரிட்ஜ் எல்லாம் அப்பா கை பட்டா ஓடுது. நம்மது மட்டும் ஏம்மா இப்படி மூச்சிரைக்குது?" என்றாள் மகள். கல்லூரிக்குப் போகிற பெண். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே குடும்பத்தில் நடக்கும் எல்லாவற்றையும் கவனிக்கத் தெரிந்தவள்.

"அவரையே கேளு. எந்த டாக்டரும் தனக்குத் தானே ஊசி போட்டுக்க மாட்டான்னு பதில் வரும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ட்ரெய்லர் விடறாங்களாம்மா."

மரக்கரண்டி வழுக்கியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பனிக்கட்டி காலருகே விழுந்து உடைந்தது.

"எந்தப் படம்?" தெரிந்தேதான் கேட்டாள்.

"உன் படம்தான். நட்பா காதலான்னு ரெண்டரை மணி நேரம் ரெண்டு பேரும் குழம்புவாங்களே, அது. பஸ் ஸ்டாப் சீனும் ட்ரெய்லர்ல உண்டாம்."

அவள் குனிந்து பனித்துண்டுகளைப் பொறுக்கினாள். புதன்கிழமையிலிருந்து இப்படித்தான். கொஞ்ச நேரம் மறந்திருப்பாள். யாராவது அந்தப் படத்தின் பேச்சை எடுத்தால் மறுபடி கை தவறும்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. முகம் எந்தப் படத்திலும் வந்ததில்லை, குரல் மட்டும்தான். பத்தொன்பது வயதில் கும்பல் குரலாகத்தான் தொழிலுக்குள் நுழைந்தாள். ஒரே மைக்கைச் சுற்றி ஆறு பெண்கள் நின்று சந்தை இரைச்சல் போடுவார்கள், தீப்பிடித்த வீட்டின் முன் அலறுவார்கள். பிறகு குழந்தைக் குரல். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நாயகியின் தோழி. 'அவன் உன்னையே பார்க்கிறான்டி' என்பதை மட்டும் நூறு படத்தில் சொல்லியிருப்பாள். நாயகியாகப் பேச முப்பத்தைந்து வயது ஆனது. அடுக்குமாடியில் புதிதாகக் குடிவருகிறவர்கள் விஷயம் தெரிந்ததும், "ஒரே ஒரு தடவை அழுது காட்டுங்களேன்" என்று கேட்பார்கள். "வீட்ல அழுறதுக்கு லீவு விட்டிருக்கேன்" என்று சொல்லிச் சமாளிப்பாள்.

அவள் பேசிய ஒவ்வொரு படத்துக்கும் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "மூஞ்சி எவளோடதோ, எனக்கு எதுக்கு?" என்பார். வெளியே வந்ததும், "மூணாவது பாட்டுக்கு முன்னால உனக்குத் தொண்டை கட்டியிருந்தது, இல்ல?" என்று கேட்பார். கேட்டது சரியாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து அரை நிமிஷம் காது கொடுத்து, பின்பக்கத்தைத் திறக்காமலே கோளாறைச் சொல்கிறவர் அவர். இத்தனை வருஷம் அந்தக் காது அவளுக்குப் பெருமையாக இருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

புதன்கிழமை நடந்தது இதுதான். மழையில் ஒரு பஸ் ஸ்டாப். கதாநாயகன் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிறான். அத்தனை வருஷமாகத் தோழியாக மட்டும் இருந்தவள் அதை வாங்கிக்கொண்டு அழுகிறாள். நடிகை வேறு மொழிக்காரி. வசனத்தை உருப்போட்டு வந்து உதட்டை அசைப்பவள். அன்றைக்கு வசனம் முடிந்த பிறகும் அழுகை நிற்காமல் அவள் உதடு அசைந்துவிட்டது. முகம் நன்றாக வந்துவிட்டதால் இயக்குநர் அந்தத் துண்டை வெட்டவில்லை. அதனால் தாளில் வசனம் தீர்ந்துவிட்டது. திரையில் வாய் தீரவில்லை.

இப்படி மிச்சம் விழுகிற இடத்தில் எதையாவது பேசி நிரப்புவது டப்பிங்கில் அன்றாடம் நடப்பது. உதடு எப்படி மூடுகிறது, எப்படிக் குவிகிறது என்று பார்த்து அதற்கு ஒரு சொல் தேட வேண்டும். இங்கே உதடு ஒரு தடவை மூடிக் குவிந்து திறந்தது. பிறகு இரண்டு தடவை குவிந்தது. "போயிடு" என்று போட்டுப் பார்த்தாள். நடுவில் 'யி'க்குப் பல் தெரிய வேண்டும், திரையில் தெரியவில்லை; ஒட்டவில்லை. "போடா லூசு" என்றாள். "அது எல்லாப் படத்துலயும் வந்திருச்சுக்கா" என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "யோசிக்காதீங்க. அழுதுக்கிட்டே வாய்க்கு வர்றதைப் போடுங்க."

ஏழாவது தடவை அவள் யோசிக்கவில்லை. "போடா... கொக்கு" என்று வந்தது.

பூட்டில் சாவி விழுந்த மாதிரி உதடு உட்கார்ந்தது. இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். "எங்கிருந்துக்கா பிடிச்சீங்க? ஹீரோவும் ஆறடி! அப்படியே வச்சுக்கலாம்." அவள் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபோதுதான் வந்தது நிஜக் கண்ணீர் என்று தெரிந்தது.

கொக்கு என்பது அவர்கள் வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற மனிதர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெடுநெடுவென்று வளர்ந்து, நின்றால் ஒரு காலில்தான் பாரத்தைப் போட்டு நிற்பார். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவள்தான். இருபது வயதில், ஒரு நாடகக் குழுவின் ஒத்திகை அறையில். அவன் நடிப்பான், இவள் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பாள். அப்போது அவளுக்கு 'அவன்'தான், இப்போதும் 'டா'தான். மூன்று மாதம், அவன் ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தாள். கடைசியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்று அவன் சொன்னது இது:

"நம்ம அறையில ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தானே, என் ஃப்ரெண்டு, அவனுக்கு உன்னைப் பிடிச்சிருக்காம். கேக்க பயப்படறான். சரின்னு சொல்லிடட்டுமா?"

அவள் சிரித்தாள். "சரி. போடா கொக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அதோடு முடிந்தது. ஃபேன் ரிப்பேர் செய்ய வந்தவர்தான் இந்த வீட்டுக்காரர், நல்லவர். அவரோடு வாழ்ந்தது நல்ல வாழ்க்கை. பஸ் ஸ்டாப்பை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சிரித்துச் சொன்னதை, இருபத்து நான்கு வருஷம் கழித்து, மூடிய அறையில் மைக்கின் முன்னால் அழுது சொல்லிவிட்டாள். அதை ஊருக்கே போட்டுக் காட்டப் போகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கொக்கு வந்தார். கை கழுவிக்கொண்டே, "என்னடா, ஃப்ரிட்ஜுக்கு இன்னைக்கும் உன் பொண்டாட்டிதான் வைத்தியமா?" என்று நண்பரை இழுத்தார்.

"நீ ஒரு கல்யாணம் பண்ணிப் பாரு, யாரு யாருக்கு வைத்தியம்னு தெரியும்," என்றார் வீட்டுக்காரர்.

அவள் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் வை என்று கொக்கு தட்டை நீட்டியபோது பேசாமல் வைத்தாள். வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு இவனைப் பேர் சொல்லியே கூப்பிடலை? வந்ததும் கொக்குன்னு ஒரு சத்தம் வரும். சண்டையா?"

"தொண்டை சரியில்லைங்க," என்றாள்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர் சாதாரணமாக, தண்ணீர் டம்ளரை எடுத்தபடி.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக ஸ்டூடியோவுக்குப் போனாள். ஒலிப்பதிவாளர் வயதானவர், கும்பல் குரல் காலத்திலிருந்து அவளுக்குப் பழக்கம்.

"அண்ணே, பஸ் ஸ்டாப் லூப்பை, அந்தக் கடைசித் துண்டைத் திருப்பி எடுத்துடலாம். அஞ்சு நிமிஷம். வேற வார்த்தை போடறேன்."

"அது ட்ரெய்லருக்கே போயிருச்சேம்மா. இப்ப அதைத் தூக்கினா அந்தப் பொண்ணு வாய் மட்டும் மீன் மாதிரி ஆடும்." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "உக்காரு. என்னாச்சு?"

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அதற்குள் இயக்குநரே வந்துவிட்டார்.

"மாத்தறதா? அக்கா, அந்த ஒரு வார்த்தைக்காகப் படம் முழுக்க ஹீரோவுக்கு அந்தப் பட்டப்பேரை வைக்கப் போறேன். நாளைக்கு நாலு இடத்துல புதுசா பேச வைக்கிறோம்."

"குரல் உடைஞ்சிருக்கு சார்."

"உடைஞ்சதாலதானே வேணும்!" அவர் சிரித்தார். "யாராவது திட்டுவாங்களாக்கா வீட்ல?"

அவளும் சிரித்தாள். அதுவும் கற்ற தொழில்தான். எந்த நேரமும் வரும். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். போனது தப்போ என்று பட்டது. ஓரிடத்தில் இருந்த வார்த்தை இப்போது ஐந்து இடமாகிவிட்டது.

கண்ணாடிக் கடை வழியாக நடந்து போனாள். கொக்குவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவன் பதறாமல் இருப்பான். கடைக் கதவின் கண்ணாடி வழியாக கொக்கு குனிந்து ஒரு பெரியவரின் மூக்கில் ஃப்ரேமைச் சரிசெய்துகொண்டிருப்பது தெரிந்தது. உள்ளே போய் என்னவென்று சொல்வது? 'உன் பேரைச் சொல்லி அழுதுட்டேன்' என்றா? இத்தனை வருஷம் இல்லாத ஒன்றை இப்போது அவளே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும். திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாரையும் வெளியே கிளப்பிவிடப் பார்த்தாள். செருப்பு அறுந்துவிட்டது, கடைக்குப் போகலாம் என்றாள். "நாளைக்குப் போலாம்மா, இன்னைக்கு உன் நாள்," என்றாள் மகள். ஐந்தரைக்கெல்லாம் வாசலில் இரண்டு ஜோடிக் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வேலைச் சட்டையோடு நின்றார்; பின்னால் கொக்கு.

"இவனையும் கடையைப் பூட்ட வச்சு இழுத்துட்டு வந்தேன். பெரிய டிவியில பார்க்கலாம்."

"எனக்கு எதுக்குடா இந்த வயசுல லவ்வு?" என்று சொல்லிக்கொண்டே கொக்கு உட்கார்ந்தார்.

அவள் சமையலறை வாசலிலேயே டீ தட்டோடு நின்றுவிட்டாள். ட்ரெய்லர் இரண்டு நிமிஷம். கல்லூரி, கேலி, பாட்டு, சண்டை. வீட்டுக்காரர் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார். பிறகு மழை. இசை எல்லாம் நின்றது. அவளுடைய குரல் மட்டும், மூச்சோடும் மூக்குறிஞ்சலோடும், அந்தச் சின்ன ஹால் முழுக்க நிறைந்தது. "போடா... கொக்கு."

படத்தின் பெயர் வந்தது.

"ஐயோ, கொக்கு! மாமா, உங்க பேர்!" மகள் கைதட்டிக் குதித்தாள்.

கொக்கு டீ தட்டோடு நின்றவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. பஸ் ஸ்டாப் அவருக்கும் மறக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு அவர் திடீரென்று, தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்:

"அது நான் சொன்னதுதான்டா! ஒரு நாள் இவளை ஸ்டூடியோவுல இறக்கிவிடப் போனேன்ல, அந்த டைரக்டர் பையன் பேசிக்கிட்டிருந்தான். எனக்கு இப்படி ஒரு பட்டப்பேர் இருக்குன்னேன். நல்லா இருக்கே, எழுதிக்கறேன்னான். எழுதிட்டான் பாரு!"

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதை. கொக்கு ஒரு நாளும் அவளை ஸ்டூடியோவில் இறக்கிவிட்டதில்லை. வண்டியில் கொண்டுபோய் விடுவது வீட்டுக்காரர், இல்லாவிட்டால் பஸ். அது வீட்டுக்காரருக்குத் தெரியாதா?

"அப்படியா," என்றார் வீட்டுக்காரர். மகளிடம், "இன்னொரு தடவை போடும்மா" என்றார்.

போட்டாள். கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொரு தடவை." மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை முடிந்ததும் கண்ணைத் திறந்து, "நல்லா பேசியிருக்கே," என்றார். கொக்குவுக்குக் கடையில் ஒரு வேலை ஞாபகம் வந்தது. டீ தட்டிலேயே ஆறியது.

சனிக்கிழமை முழுவதும் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. சாவி எங்கே என்று கேட்டார். தண்ணீர் மோட்டாரைப் போட்டாயா என்று கேட்டார். மகளின் கேலிக்குச் சிரித்தார். கத்தியிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாவது கிடைத்திருக்கும். அவர் குளியலறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம், எவ்வளவு பலமாகச் சாத்துகிறார் என்று அவள் காது அங்கேயே போனது. படிக்கட்டில் அவர் காலடி ஒரு படியில் நின்றால் இவளும் கைவேலையை நிறுத்தினாள். கொக்கு சொன்ன கதையையே நாமும் சொல்லிவிட்டால் என்ன என்று பாத்திரம் கழுவும்போது நினைத்துப் பார்த்தாள். அப்படிச் சொன்னால் இரண்டு பேர் சேர்ந்து சொன்ன பொய்யாகும். அதுவரை இல்லாத ஒரு ரகசியம், அந்த நிமிஷத்திலிருந்து நிஜமாகவே இருக்கத் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகளின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. "கொக்கு மாமா இன்னைக்கு வரலையாம். கடையில சரக்கு வருதாம்." சொல்லிவிட்டு மகள் தன் தோழி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குச் சரக்கு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

படுக்கையறையில் வீட்டுக்காரர் காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலையணை உறைகளை எடுத்தாள்.

"அது எழுதிக் கொடுத்ததா?" என்றார். சட்டைக் காலரை நீவியபடி, நிமிராமல்.

எது என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த உறையை மடியில் வைத்தாள்.

"இல்லைங்க. உதடு மிச்சம் இருந்தது. நானா போட்டது."

"அவன் சொன்னது?"

"பொய். என்னைக் காப்பாத்தறதா நினைச்சு உளறிட்டான்."

அவர் சட்டையை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். "பேர் ஒண்ணும் இல்லை. அந்தப் பேரை யாரு வேணா யாருக்கு வேணா வைக்கலாம். வாரா வாரம்தான் இந்த வீட்ல அவனைக் கூப்பிடறே. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை."

"இல்லை," என்றாள்.

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. ஒத்திகை அறை, மூன்று மாதம், பஸ் ஸ்டாப், அவன் கேட்டது, தான் சிரித்தது. கைகள் உறைகளை மடித்துக்கொண்டே இருந்தன. மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "அவன் உங்களுக்காகக் கேட்ட அன்னைக்கே அது முடிஞ்சு போச்சு. முடிஞ்சு போச்சுன்னுதான் நான் நினைச்சேன். அந்தச் சீனைப் பேசின புதன்கிழமை வரைக்கும் எனக்கே தெரியாது. அவனுக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை."

"நான்தான் அவனை அனுப்பினேன்," என்றார் அவர். "பயமா இருக்கு, நீ போய்க் கேளுடான்னு. அவன் ரெண்டு நாள் போகலை. ஏன்டா இழுக்கறேன்னு திட்டினேன்."

அந்த இரண்டு நாள் விஷயம் அவளுக்கு இதுவரை தெரியாது. அவனும் தயங்கியிருக்கிறான். அது தன்னைத் தொட்டதைக் காட்டக் கூடாது என்று எச்சிலை விழுங்கினாள். விழுங்கிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"நான் இங்கதான் இருக்கேங்க. இத்தனை வருஷமும் இங்கதான் இருந்தேன்," என்றாள். அவர் கடைசிச் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தான் துளைக்குள் போகாமல் நழுவியது. மறுபடி போட்டார்.

அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கேட்காவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சரக்கு வரும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரும். அந்த மனிதருக்கு வேறு வீடு கிடையாது. இவருக்கும் வேறு சிநேகிதன் கிடையாது.

"ஏங்க, இன்னும் நேரம் இருக்கு. அவனைச் சாப்பிட வரச் சொல்லட்டுமா?"

அவர் மடித்த துணிகளை அடுக்கி, தாடை வரை இரண்டு கையிலும் அணைத்துத் தூக்கினார். பதிலை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு அறையை விட்டு வெளியே போனார்.